ஒரு திராக்மா வகுப்பு

பருவம் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது துறை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க சம்ஸ்கிருதம் பேப்பருக்கு ஆறு பேர்தான் சேர்ந்திருக்காங்க. எட்டு இருந்தாத்தான் நடத்த முடியும்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். பதினைந்து வாரத்துக்கு எழுதிய பாடத்திட்டமும் முதல் மூன்று வாரத்துக்குத் தயாரித்த பயிற்சித் தாள்களும் மேசைமேல் அப்படியே கிடந்தன. ஒரு மாத உழைப்புக்குச் சல்லிக்காசு கிடையாது. சண்டை போடவும் வழியில்லை, ஏனென்றால் என் கையில் ஒப்பந்தமே வந்திருக்கவில்லை. முதல் வகுப்பு நடந்த பிறகுதான் ஒப்பந்தம் தயாராகும் என்பது அங்கே வழக்கமாம். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பழைய மொழிகளும் பழைய தத்துவமும் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி ஏழு ஆண்டாகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை சம்ஸ்கிருதம், இன்னொன்றில் கிரேக்கத் தத்துவ அறிமுகம், நடுவில் இரண்டு பருவம் தொடக்கநிலை கிரேக்கம். முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு "ஒரு வருஷம் பார்ப்போம்" என்று உள்ளே வந்தேன். இந்தத் துறையில் முழுநேர இடம் அபூர்வம். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புவார்களா, மூடுவார்களா என்பதே நிச்சயமில்லை. ஆனால் பாடம் நடக்க வேண்டும், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்றவர்கள் நிற்கிறோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் இதைப் போட்டுப் பார்க்கவே இரண்டு ஆண்டாயிற்று. தத்துவ அறிமுக வகுப்புக்கு வாரம் மூன்று மணி நேரம், பதினைந்து வாரம். ஆக 45 மணி நேரம். சம்பளம் இந்த 45-க்குத்தான். முதல் முறை நடத்தும்போது ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரத் தயாரிப்பு ஆனது, அது 135. மாணவர்கள் 60 பேர், ஆளுக்கு இரண்டு கட்டுரை, ஒன்றைத் திருத்த இருபது நிமிடம். கூட்டினால் இன்னொரு 40 மணி நேரம். மின்னஞ்சல், மறுதேர்வு, மதிப்பெண் பதிவேற்றம், "மேடம் ஒரே ஒரு டவுட்" எல்லாவற்றையும் விட்டுவிட்டே 220 வந்துவிடுகிறது. அதாவது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் மணிக்கூலியை ஐந்தால் வகுத்தால் உண்மையான கூலி கிடைக்கும். இரண்டாம் முறை அதே பாடம் நடத்தியபோது தயாரிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மூன்றால் வகுத்தால் போதும் என்றானது.

அதனால் ஒரு பாடத்தை ஒரு முறை மட்டும் நடத்துவதற்கு ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டேன். "இந்தப் பருவம் மட்டும் இடைக்காலத் தத்துவம் பாத்துக்கோங்க, அந்த சார் லீவு" என்பார்கள். பெருமையாக இருக்கும், நம்மால் முடியும் என்று நம்பி அழைக்கிறார்களே என்று. மூன்று மாதம் தூக்கம் போகும். அடுத்த பருவம் சார் திரும்பிவிடுவார், குறிப்புகள் அலமாரியில் தூங்கும். திரும்பவும் வரப்போகும் பாடமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. உறுதி தர மாட்டார்கள்தான். ஆனால் பதில் சொல்லும் தொனியிலேயே தெரிந்துவிடும்.

பிளேட்டோவின் கிராட்டிலஸ் உரையாடலில் ஓர் இடம் உண்டு. பெயர்களின் பொருத்தம் பற்றிப் பேச்சு வருகிறது. புரோடிகஸ் என்ற ஆசிரியரின் ஐம்பது திராக்மா (பழைய கிரேக்கக் காசு) பாடத்தைக் கேட்டிருந்தால் இந்த விஷயத்தில் உண்மை என்னவென்று உடனே சொல்லிவிடுவேன், நான் கேட்டதோ ஒரு திராக்மா பாடம், அதனால் எனக்குத் தெரியாது என்கிறார் சாக்ரடீஸ். கிண்டல்தான். கூலி வாங்கிக்கொண்டு பாடம் சொன்ன சோபிஸ்டுகளைச் சீண்டுகிறார். வகுப்பில் இதைப் படிக்கும்போதெல்லாம் மாணவர்கள் சாக்ரடீஸ் பக்கம் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் புரோடிகஸ் மேல் ஒரு மரியாதை. அந்த மனிதர் விலைப்பட்டியல் வைத்திருந்தார்! எவ்வளவு கூலிக்கு எவ்வளவு பாடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நான்கு ஆண்டு ஒரு திராக்மா வாங்கிக்கொண்டு ஐம்பது திராக்மா பாடம் நடத்தப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் முக்கால் பக்கம் குறிப்பு எழுதுவேன். பாதிப் பேர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மேசைமேலேயே விட்டுப் போவார்கள்.

இப்போது கட்டுரைக்கு இரண்டே வரி. ஒன்று, வாதம் எங்கே அறுந்திருக்கிறது என்று. இன்னொன்று, அடுத்த கட்டுரையில் எதை மாற்ற வேண்டும் என்று. விரிவாக வேண்டுமென்றால் நேரில் வா என்பேன். அறுபதில் பத்துப் பேர் வருவார்கள், அந்தப் பத்துப் பேருக்குத்தான் அது தேவையும்கூட. எங்கே வருவது என்பது வேறு பிரச்சினை. எனக்கு அறை கிடையாது. நூலகத்துக்கு வெளியே படிக்கட்டுப் பக்கம் ஒரு பெஞ்சு, செவ்வாய் மூன்று மணி முதல் நான்கு. அதைப் பாடத்திட்டத்திலேயே அச்சிட்டுவிட்டேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

சிறிய நேர மிச்சங்களும் சேர்ந்தால் பெரிது. தத்துவ வகுப்பில் ஆளுக்கொரு மொழிபெயர்ப்போடு வருவார்கள், பக்க எண் யாருக்கும் ஒத்துப்போகாது. பத்து நிமிடம் தேடலிலேயே போகும். பிளேட்டோவுக்கு 1578-இல் ஸ்டெஃபானஸ் பதிப்பித்த பக்க எண், அரிஸ்டாட்டிலுக்கு 1831-இல் வந்த பெக்கர் பதிப்பின் எண், இரண்டும் நல்ல மொழிபெயர்ப்புகளில் ஓரத்தில் இருக்கும். முதல் நாளே அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, கட்டுரையிலும் அதைத்தான் குறிப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டால், எழுதியது உண்மையில் அந்த இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் ஒரு நொடி வேலை.

மொழி வகுப்பு வேறு ஜாதி. அங்கே திருத்தும் வேலை குறைவு, ஆனால் தலை எண்ணிக்கைதான் உயிர். முதல் பருவம் பதினொரு பேர் இருந்தால் இரண்டாம் பருவத்தில் நான்கு பேர் நிற்பார்கள். நான்கு பேருக்கு வகுப்பு நடத்த எந்த நிர்வாகமும் மனமுவந்து கையெழுத்துப் போடாது. நான் முதலில் இதை மாணவர்களின் சோம்பல் என்று நினைத்தேன். அப்புறம் எந்த வாரத்தில் ஆள் குறைகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், இரண்டு ஆண்டும் ஐந்தாவது வாரம். அது நான் அட்டவணைகளை இறக்கும் வாரம். எட்டு வேற்றுமை, மூன்று எண், ஆக ஒரு சொல்லுக்கு 24 கட்டம். ராம சப்தம், அதாவது ராம என்ற சொல்லின் அட்டவணை, முடிந்ததும் ஹரி சப்தம், அதற்கப்புறம் குரு சப்தம். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படியே செய்தேன்.

இப்போது இரண்டாம் வாரமே மகாபாரதத்து நளன் கதையின் முதல் வரியைப் பலகையில் எழுதிவிடுகிறேன். ஆஸீத் ராஜா நலோ நாம வீரஸேனஸுதோ பலீ. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கதையை வைத்துத் தொடங்குவது பழைய வழக்கம். ஜெர்மன் மொழியியலாளர் ஃபிரான்ஸ் போப் 1819-இல் இதைத்தான் லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். காரணமில்லாமல் இல்லை. அந்த ஒரு வரிக்குள் ஒரு மாதப் பாடம் இருக்கிறது.

"நளன் என்று ஓர் அரசன் இருந்தான், வீரசேனன் மகன், வலிமை உள்ளவன்" என்று பொருளை நானே சொல்லிவிடுவேன். மறைக்க எதுவும் இல்லை. அப்புறம் கேள்வி: இருந்தான் என்பது எது? பெரும்பாலும் கடைசிச் சொல்லைக் காட்டுவார்கள். ஆஸீத் முதலிலேயே நிற்கிறது என்றதும் ஒரு சலசலப்பு. அடுத்தது, அரசனைக் குறிக்கும் சொற்கள் எவை? ராஜா, நலோ, வீரஸேனஸுதோ, பலீ. நான்கும் முதல் வேற்றுமை ஒருமை, ஆனால் ஈறு ஒரே மாதிரி இல்லை. ஒன்று ஆகாரத்தில் முடிகிறது, இரண்டு ஓகாரத்தில், ஒன்று ஈகாரத்தில். ஏன் என்று அவர்களே கேட்கிற வரை நான் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் சில சமயம் ஒரு நிமிடம்கூட நீளும். யாராவது ஒருவர் கேட்டதும் நலோ என்பதைத் துடைத்துவிட்டு நலஃ என்று எழுதுவேன். அகரத்தை அடுத்த விசர்க்கம் (ஃ என்று நான் எழுதும் மூச்சொலி), பின்னால் ஒலிப்புடைய மெய் (இங்கே ந, பலீயின் b) வந்தால் அந்த அகரத்தோடு சேர்ந்து ஓகாரமாகிவிடும். நலஃ நாம, நலோ நாம. சரி, இதே விஷயம் இந்த வரியில் வேறு எங்கே நடந்திருக்கிறது? ஸுதோ பலீ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்போது எனக்கு அன்றைய கூலி கிடைத்துவிட்டது.

அட்டவணை அதற்கப்புறம் வருகிறது, அதுவும் தேவையான கட்டங்கள் மட்டும். இருமை வடிவங்களை எட்டாவது வாரம் வரை தொடுவதே இல்லை. இலக்கணத்தில் ஊறியவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளித்தும் இருக்கிறார்கள். ஆனால் இந்த முறைக்கு மாறிய ஆண்டு இரண்டாம் பருவத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். பழைய முறையில் நான்கு. ஒரு வகுப்பை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். எனக்கு அந்த மூன்று பேர் போதும், அந்த மூன்று பேரால் வகுப்பு ரத்தாகாமல் தப்பித்தது.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. 1820-இல் ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹாவர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத தனி விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, வேண்டுமென்றே அங்கே புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியர் ஹெகல் வகுப்பெடுக்கும் அதே நேரத்தைத் தன் வகுப்புக்குக் கேட்டு வாங்கினார். ஹெகல் கூடம் நிரம்பி வழிந்தது, இவரிடம் விரல் விட்டு எண்ணும்படி சிலர். ஆசிரியத் தொழிலில் அவர் நிலைக்கவில்லை. எனக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதேதான், வீம்பு மட்டும் கிடையாது. வியாழன் பத்து மணி என்று கொடுத்தார்கள், சரி என்றேன். அந்த நேரத்தில் தத்துவத் துறையின் இரண்டாமாண்டு மாணவர்கள் எல்லாருக்கும் கட்டாயப் பாடம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வரக்கூடிய பிள்ளைகளே அவர்கள்தான். முழு அட்டவணையையும் வாங்கிப் பார்க்காமல் இனி எந்த நேரத்துக்கும் தலையாட்டுவதில்லை. பருவம் தொடங்குவதற்கு முன்னால் மொழியியல், வரலாறு, மதவியல் துறை ஆசிரியர்களுக்கு நானே நான்கு வரி எழுதி அனுப்புவேன். கணினித் துறைக்கும் ஒரு முறை அனுப்பினேன். சம்ஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினியின் சூத்திரங்கள் கிட்டத்தட்ட 4,000, ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாக ஓடும் விதிகள் என்று எழுதியிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். மூவரில் இருவர் கடைசி வரை இருந்தார்கள்.

இப்போது எல்லாரும் கேட்பது இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றி. வீட்டுப்பாடமாக ஒரு சுலோகம் கொடுத்தால் மறுநாள் அழகான மொழிபெயர்ப்பு வந்துவிடும். சில சமயம் என்னுடையதைவிட அழகாக. கண்டுபிடித்துத் தண்டிக்க எனக்கு நேரமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. பகுதிநேர ஆள் ஒரு மாணவர்மேல் புகார் கொடுத்தால் அந்த விசாரணைக்குப் போகும் நாட்களுக்கும் கூலி இல்லை. அதனால் மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் தருவதையே விட்டுவிட்டேன். வீட்டில் எதைப் பார்த்து வேண்டுமானாலும் படித்துவிட்டு வரட்டும். வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு, படித்த பகுதியிலிருந்து ஐந்து சொல் கொடுப்பேன்: என்ன வேற்றுமை, எந்த எண், எந்தச் சொல்லோடு சேர்கிறது. பத்து நிமிடம். திருத்த அதைவிடக் குறைவான நேரம். ஐந்தாவது வாரத்துக்குள் யார் படிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

தத்துவக் கட்டுரையில் இந்த வழி முழுதாகப் பலிக்கவில்லை. அங்கே ஒரு கிரேக்கச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். அரெத்தே என்பதை நற்பண்பு என்றே பெரும்பாலும் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் குடியரசு உரையாடலின் முதல் பகுதியில் கண்ணுக்கும் காதுக்கும்கூட அரெத்தே உண்டு என்று சாக்ரடீஸ் பேசிக்கொண்டு போகிறார். காதுக்கு நற்பண்பா? இந்த இடத்தில் சொல்லை எப்படி மாற்றுவாய், மாற்றினால் வாதம் நிற்குமா, வகுப்பிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுது என்பேன். எல்லாரும் நன்றாக எழுதுவதில்லை. ஆனால் எழுதுவது அவர்களாக இருக்கிறார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் என் நூலகக் கணக்கு செத்துப்போனது. பருவம் முடிந்த மறுநாளே கடவுச்சொல் வேலை செய்யவில்லை. ஒரு ஆய்வுக் கட்டுரையின் இறுதித் திருத்தம் பாதியில் இருந்தது. அடுத்த ஒப்பந்தம் வந்தால் கணக்கு உயிர்த்தெழும் என்றார்கள். மின்னஞ்சலும் அதனோடு போய்விட்டது, அதில் மாணவர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதியிருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. இப்போது தேவையான கட்டுரைகளைப் பருவத்தின் கடைசி வாரத்தில் இறக்கிவைத்துக்கொள்கிறேன். மாணவர்களிடம் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிடுகிறேன். பரிந்துரைக் கடிதம் கேட்பவர்களிடம், முழுநேர ஆசிரியர் ஒருவரிடமும் வாங்கிக்கொள், அடுத்த ஆண்டு நான் இங்கே இருப்பேன் என்று சொல்ல முடியாது என்று நேராகவே சொல்கிறேன். நம் துறைக்கு ஒரு அதிர்ஷ்டம், அடிப்படைக் கருவிகள் பூட்டிக் கிடக்கவில்லை. மோனியர் வில்லியம்ஸின் 1899 அகராதி கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். கிரேக்க, லத்தீன் மூலங்களுக்கும் அகராதிகளுக்கும் பெர்சியஸ் மின்னூலகம் இருக்கிறது. என் வகுப்புகளை இவற்றின் மேலேயே கட்டிவிட்டேன், எந்தக் கணக்கு போனாலும் வகுப்பு நிற்காது.

பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை என் முழுப் பாடத்திட்டத்தையும் பயிற்சித் தாள்களோடு சேர்த்து "பார்த்துட்டுச் சொல்றோம்" என்றவர்களுக்கு அனுப்பினேன். அடுத்த பருவம் வேறொருவர் அதே தாள்களோடு வகுப்பெடுத்தார், நான் செய்த எழுத்துப்பிழை உட்பட. இப்போதெல்லாம் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும்.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது, ஏனென்றால் குடும்ப விசேஷங்களில்கூட யாராவது இழுத்துவிடுகிறார்கள். 1755-இல் கோனிக்ஸ்பெர்க்கில் தனி விரிவுரையாளராகச் சேர்ந்து, மாணவர்கள் நேரடியாகக் கொடுத்த கட்டணத்தில் பிழைத்து, தர்க்கத்திலிருந்து புவியியல் வரை எல்லாம் நடத்தி, 1770-இல்தான் பேராசிரியரானார். பதினைந்து ஆண்டு. "கான்ட்டே காத்திருந்தாரே" என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பதினைந்து ஆண்டில் அவரோடு காத்திருந்து பேராசிரியர் ஆகாமல் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, அதனால் அவர்களை உதாரணம் காட்ட முடிவதில்லை. கான்ட்டும் 1766-இலிருந்து துணை நூலகர் வேலை பார்த்தார் என்பதைத்தான் நான் கவனிப்பேன். எனக்கு அந்த இடத்தில் இருப்பது மெய்ப்பு பார்க்கும் வேலை. ஆய்வு நூல்களில் சம்ஸ்கிருத, கிரேக்கச் சொற்களின் ஒலிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, சொல்லடைவு தயாரிப்பது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆறு பேர்தான் சேர்ந்தார்கள் என்று யாரும் போன் செய்வதில்லை.

போன மாதம் அந்த முதல் அலுவலகத்திலிருந்தே மறுபடி அழைப்பு. ஆள் மாறியிருந்தார், குரல் இளசு. வரும் பருவம் சம்ஸ்கிருதம் எடுக்க முடியுமா, நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றார். கேட்க வேண்டியதை எழுதிவைத்த காகிதம் பக்கத்திலேயே இருந்தது, படித்தேன். குறைந்தபட்ச எண்ணிக்கை எவ்வளவு, எந்தத் தேதியில் எண்ணுவீர்கள்? அதற்குப் பிறகு ரத்தானால் தயாரிப்புக்கு ஏதாவது உண்டா? விடைத்தாள் திருத்தத்துக்குத் தனிக் கூலியா, மணிக்கூலிக்குள் அடக்கமா? அதே நேரத்தில் வேறு என்ன கட்டாயப் பாடம் ஓடுகிறது? நூலகக் கணக்கு என்று முடியும்? எதிர்முனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "மேடம், இதெல்லாம் யாரும் கேட்டதில்ல. கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நான்கு நாள் கழித்துச் சொன்னார். எட்டு பேர்தான், ஆனால் எண்ணும் தேதி பருவம் தொடங்க ஒரு மாதத்துக்கு முன்னால். ரத்தானால் ஒரு வாரக் கூலி தரலாம் என்று துறைத்தலைவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறாராம். எழுத்தில் வேண்டும் என்றேன். அனுப்புகிறோம் என்றார்கள். நேற்று வரை ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். கடிதம் இன்னும் வரவில்லை. நளன் தாளை நான் இன்னும் நகலெடுக்கவில்லை.